போறணை காயும்வரை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
11.02.2024

அன்பின் உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் அப்பாவும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். தொலைபேசியில் "ஓம், ஓம், நல்ல சுகம்" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறீர்கள். ஹோட்டல் குசினிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வீடியோவில் வர ஏலாது, கடிதமாக எழுதும் என்றீர்கள். சரி, எழுதுகிறேன். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் கொடுத்த கைக்கு இது ஒரு வேலையா?

அந்த முன்பள்ளி வேலையைப் போன வெள்ளியோடு விட்டுவிட்டேன். முகத்தைச் சுளிக்க வேண்டாம். பின்வளவில் பீட்சா சுடுகிற ஒரு போறணை எழும்பினால், கடை போட்டு ஊரோடு இருக்க அடுத்த கிழமையே டிக்கெட் போடுவேன் என்று சொன்னது நீங்கள்தான். போறணை தானாக எழும்பாது. செங்கல் வந்து கிணற்றுப் பக்கம் அடுக்கியாயிற்று. கல் இறக்கிய அன்று, ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு வந்து மணந்து பார்த்துவிட்டுப் போயின.

போன முறை மூன்று கிழமை லீவில் வந்தபோது, ஒரு பீட்சா சுட்டுத் தாங்கோ என்று மகள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இஞ்ச போறணை இல்லையே குஞ்சு" என்று தப்பிவிட்டீர்கள். இனி அந்தச் சாட்டு இருக்காது. அப்பா வழக்கம்போல, வருகிற ஆட்களை முன்னறைக்குக் கூட்டிப்போய், நீங்கள் வெள்ளைக் கோட்டுடன் நெருப்புக்கு முன்னால் நிற்கிற படத்தைக் காட்டுகிறார். "மருமகன் இத்தாலியில, பலெர்மோவில பீட்சா மாஸ்டர்." துறைமுகத்தில் கிளாக்காக இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, போறணையின் அளவு. மற்றது, மா குழைக்கிற விதம். நீங்கள் வருவதற்குள் நானும் கொஞ்சம் பழகி வைத்தால் கைக்கு உதவியாக இருக்கும்.

மகளுக்குப் பத்து வயதாகிறது. நீங்கள் போகும்போது ஒரு வயது. இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

அன்புடன்,
லோஜினி

பலெர்மோ
03.03.2024

அன்பின் லோஜி,

கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. கைத் தோல் உரிகிறது, அது வருடா வருடம் உள்ளதுதான்.

வேலையை விட்டதாக எழுதியிருந்தீர். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். விட்டது விட்டதுதான், இனி என்ன செய்வது.

அளவுகளை மறுபக்கத்தில் கீறியிருக்கிறேன். உள்வட்டம் மூன்றரை அடி. கூரையின் உச்சி இருபத்தொரு இஞ்சி. வாயின் உயரம் பதின்மூன்று இஞ்சிக்கு மேலே போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது. வாய் உயர்ந்தால் சூடு வெளியே ஓடிவிடும், தாழ்ந்தால் நெருப்பு மூச்சு முட்டும். புகைக்கூண்டு வாய்க்கு முன்னால் வர வேண்டும், உச்சியில் அல்ல. எங்கள் ஊரில் எல்லாரும் உச்சியில் ஓட்டை போடச் சொல்வார்கள். கேட்க வேண்டாம்.

இதெல்லாம் அவசரப்படுகிற வேலை அல்ல. ஒரு வருடம் எடுத்தாலும் பரவாயில்லை, வடிவாகச் செய்யும்.

மகளுக்கு என் முத்தம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
இராகுலன்

திருகோணமலை
21.04.2024

அன்பின் உங்களுக்கு,

வருடப்பிறப்புக்கு உங்கள் குரலை ஒன்றரை நிமிடம் கேட்டோம். புண்ணியம்.

ஒரு வருடம் எடுத்தாலும் பரவாயில்லையா? உங்களுக்கென்ன, எழுதிவிடுவீர்கள். இங்கே மேடை இடுப்பளவுக்கு எழும்பிவிட்டது. கிண்ணியாவிலிருந்து ஸெய்னுதீன் நானா வருகிறார். அங்கே பாதிப் பேக்கரிகளுக்குப் பாண் சுடுகிற போறணை கட்டிக் கொடுத்த மேசன். தளத்துக்குக் கீழே உப்பும் உடைந்த கண்ணாடியும் போட்டால்தான் சூடு நிற்கும் என்றார். உப்பு மூட்டையாக வாங்கலாம். கண்ணாடிக்கு எங்கே போவது? உப்புவெளி ஹோட்டல்களின் பின்பக்கம் போய் வெறும்போத்தல் பொறுக்கினேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் கண்டுவிட்டா. "என்ன ரீச்சர், இஞ்சால?" அடுத்த நாள் வீதி முழுக்க என் கதைதான்.

நீங்கள் கீறி அனுப்பிய படத்தை நானா நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கட்டினதெல்லாம் நீட்டுப் போறணை. இது பள்ளிவாசல் கும்மட்டம் மாதிரியெல்லோ இருக்கு பிள்ளை. ஆனா அளவு பிழையில்ல. உங்கட மனிசன் வேலை தெரிஞ்ச ஆள்." எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லாமல் என்ன. உங்களை யாரும் நல்லதாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம்.

மா குழைக்கிற விதத்தை எழுத மறந்துவிட்டீர்கள். ஈஸ்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் மூடி வைப்பது என்று மட்டும் எழுதினால் போதும். மகளும் நானும் தோசைக் கல்லிலாவது போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
லோஜினி

பலெர்மோ
12.05.2024

அன்பின் லோஜி,

நீர் போத்தல் பொறுக்கிய கதையை என் அறையில் இருக்கிற தர்சனுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கும்மட்டத்துக்கு ஈர மணலை அரைப் பந்து போலக் குவித்துத் தட்டி, மேலே நனைத்த பேப்பர் ஒட்டும். அதன் மேல் கல்லை வரிசை வரிசையாகச் சாய்த்து வைத்து வரும். உச்சிக் கல் இறுகி நான்கு நாள் கழிந்த பிறகு, போறணை வாய் வழியாகக் கையை விட்டு மணலை அள்ளி எடுக்க வேண்டும். சாந்துக்குப் புற்றுமண் நல்லது. பிறகு காய விடும். இதுதான் முக்கியம். இரண்டு மாதத்துக்கு ஒரு நெருப்புக்குச்சிகூட உள்ளே போகக் கூடாது. கல்லுக்குள் நிற்கிற தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும்.

மா விஷயம் கைப்பக்குவம். கடிதத்தில் எழுத ஏலாது. வந்து காட்டுகிறேன்.

ஓகஸ்ட் முடிவில் வருவதாக யோசிக்கிறேன். முதலாளியிடம் இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்,
இராகுலன்

திருகோணமலை
14.07.2024

அன்பின் உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து.

கும்மட்டம் ஜூன் நடுவில் முடிந்தது. உச்சிக் கல்லை என்னையே வைக்கச் சொன்னார் நானா. மணலை நானும் மகளும் அள்ளினோம். கடைசியில் அவள் தலையை உள்ளே விட்டு, "அப்பா!" என்று கூப்பிட்டாள். உள்ளே குரல் சுற்றியது. அவளுக்கு ஒரே புளுகம், துள்ளித் திரிந்தாள்.

பிறகுதான் அப்பா பஞ்சாங்கத்தைத் தூக்கினார். "ஆடி பிறந்தால் ஒரு மாதம் ஒண்டும் தொடங்க ஏலாது. மருமகன் வந்து இறங்கேக்குள்ள பால் காய்ச்சாத அடுப்பா இருக்கிறது?" இரண்டு மாதம் காய வேண்டும் என்று உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "பால் காய்ச்சுறதுக்கு எவ்வளவு நெருப்பு வேணும்? ஒரு பிடி சுள்ளி." ஐயரிடம் போய் நேரமும் எடுத்து வந்துவிட்டார். புதன்கிழமை காலை, பத்து நாற்பத்திரண்டுக்குள் பொங்க வேண்டும். நானாவுக்குச் சொன்னால் தடுப்பார் என்று நான் சொல்லவில்லை. அது என் பிழை. எனக்கும் ஆசைதான், உங்களுக்கு எழுதலாமே என்று.

வீதியில் உள்ளவர்கள் எல்லாரும் வந்தார்கள். பானையை வாயடியில் வைத்தோம், நெருப்பு உள்ளே எரிந்தது. பால் அசையவே இல்லை. பத்து முப்பது. "இன்னும் ரெண்டு கொள்ளி போடு பிள்ளை." பத்து முப்பத்தைந்து. "முதிரை விறகு இருக்கோ?" ஆளுக்கு ஒன்றாகத் திணித்தார்கள். பத்து நாற்பதுக்குப் பால் பொங்கியது. எல்லாரும் "பொங்கீற்று, பொங்கீற்று" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் கல் வெடித்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. வாயிலிருந்து உச்சிவரை ஒரு விரல் போகிற வெடிப்பு.

அப்பா இன்னும் பால் பொங்கிய கதையைத்தான் சொல்லித் திரிகிறார். அவரிடம் காட்ட மனம் வரவில்லை. தறப்பாளால் மூடிவிட்டேன். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள்.

லோஜினி

பலெர்மோ
04.08.2024

என் அன்பின் லோஜி,

முதலில் அழுகையை நிற்பாட்டும். உம்மில் ஒரு பிழையும் இல்லை. மாமாவிலும் பிழை இல்லை. நல்ல காரியத்துக்குப் பால் காய்ச்சாமல் வேறு எதைக் காய்ச்சுவது?

ஆனால் உச்சிவரை வெடித்தது என்றால் அதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. முழுதாகப் பிரிக்க வேண்டும். இப்போது பிரித்தால் உடனே மாரி வந்துவிடும். மழைக்குள் கட்டினால் காயாது. ஆகவே தை மாசி பார்த்துத் திரும்பத் தொடங்குவோம். பங்குனி சித்திரைக்குள் எழும்பும். ஆவணி வரை ஆறுதலாகக் காயட்டும். நான் டிக்கெட் எடுப்பதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கிறேன். அவசரப்பட்டு வந்து நின்று என்ன பயன்?

போன ஞாயிற்றுக்கிழமை தர்சனோடு கடலுக்குப் போனேன். தண்ணீர் நல்ல இளஞ்சூடு. இரண்டு மணித்தியாலம் நீந்தினேன். வரும் வழியில் ஐஸ்கிறீமும் குடித்தோம், இந்த வயதில்! மகளுக்குச் சொல்லும், அப்பா பிஸ்தா ஐஸ்கிறீம் குடித்தார் என்று. இங்கே வெயில் நல்லது, சாப்பாடு நல்லது, நித்திரையும் நன்றாக வருகிறது. ஒன்றுக்கும் யோசியாதேயும்.

எப்போதும் உம்முடைய,
இராகுலன்

திருகோணமலை
25.08.2024

அன்பின் உங்களுக்கு,

ஸெய்னுதீன் நானாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஒரு பாட்டம் ஏசினார். பிறகு வந்து தறப்பாளை விலக்கி, விரலை விட்டுப் பார்த்தார். "இதுக்கோ பிள்ளை இவ்வளவு நாளும் மூடி வச்சனீ? நான் கட்டின எல்லாப் போறணையும் ஒருக்கா வெடிச்சதுதான். புற்றுமண்ணைக் குழைச்சுத் திணி. ஏழு நாளைக்குச் சின்ன நெருப்பு. பிறகு என்னட்டக் கேக்காத, பாண் சுடு." அப்படியே செய்தேன். எட்டாம் நாள் அவருடைய மகள் றிஷானா, கிண்ணியாவில் தங்கள் பேக்கரியில் குழைத்த மாவோடு வந்து சுட்டுக் காட்டினாள். பணிஸ், பாண், பிறகு தக்காளியும் சீஸும் வைத்து உங்கள் பீட்சா. அடி கரிந்துவிட்டது, மேலே நன்றாக இருந்தது. மகள் அரைவாசியைத் தனியாக முடித்தாள்.

ஆகவே போறணைக்கு ஒன்றும் இல்லை. பிரிக்கத் தேவையில்லை. நீங்கள் வரலாம்.

இப்போது மற்ற விஷயம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒன்பது வருடத்தில் நீங்கள் சொன்னதிலும் எழுதியதிலும் அதுதான் சந்தோஷமானது. நான் இங்கே தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் அங்கே நீந்தியிருக்கிறீர்கள், ஐஸ்கிறீம் குடித்திருக்கிறீர்கள், நித்திரை வந்திருக்கிறது. போறணை வெடித்த செய்தி உங்களுக்கு நல்ல செய்தி. நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். பள்ளிக்கூடம் இல்லை என்றதும் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும்.

நேராகக் கேட்கிறேன். அங்கே யாரும் இருக்கிறார்களா? இருந்தால் எழுதுங்கள். நான் வீதியில் நின்று கத்தமாட்டேன். உங்களுக்கு வர விருப்பமில்லையா, வர ஏலாதா என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

லோஜினி

பலெர்மோ
22.09.2024

லோஜி,

யாரும் இல்லை. மகள் மேல் சத்தியம். இருந்திருந்தால் சொல்வது இதைவிட லேசாக இருந்திருக்கும்.

நான் பீட்சா மாஸ்டர் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. ஒன்பது வருடமாக இங்கே கோப்பையும் தட்டும் கழுவுகிறேன். போறணைக்கு முன்னால் நிற்பவர் ஓர் எகிப்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்தப் படத்தில் நான் போட்டிருப்பது அவருடைய கோட்டு. ஆள் சிகரட் குடிக்க வெளியே போன நேரம் தர்சன் எடுத்த படம்.

வந்த புதிதில் ஒரு நாள் மாமா போனில் கேட்டார், "தம்பி, என்ன வேலை?" பக்கத்தில் நாலு பேர் நிற்கிற சத்தம் கேட்டது. பீட்சா போடுறன் மாமா என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த முறை திருத்தலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை நீர் போனை எடுத்து, "எல்லாரும் உங்களைத்தான் கேக்கினம்" என்றீர். பிறகு எப்படித் திருத்துவது?

உமக்கு எழுதிய அளவுகள் மட்டும் பொய் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் இங்கே போறணையைப் பிரித்துக் கட்டினார்கள். கல் சுமந்தவன் நான். ஒவ்வொன்றையும் பார்த்து மனதில் வைத்திருந்தேன். மா குழைக்கிற அறைக்குள் என்னை விடமாட்டார்கள். ஒரு முறை எகிப்துக்காரரிடம் கேட்டேன், காட்டித் தரச் சொல்லி. சிரித்துவிட்டு ஒரு வாளித் தட்டைக் கையில் தந்தார். அதன் பிறகு கேட்கவில்லை.

போறணை எழும்பினால் வருவேன் என்று சொன்னபோது, அது எழும்பாது என்று நினைத்தேன். நீர் கல் வாங்குவீர் என்று நினைக்கவில்லை. போத்தல் பொறுக்கியதை எழுதியபோது கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். அது வெடித்தது என்று எழுதியபோது, ஓம், சந்தோஷப்பட்டேன். அதைவிட ஒரு கேவலம் இருக்கிறதா?

இப்போது அது நன்றாக எரிகிறது என்கிறீர். நான் வந்தால் மாமாவும் வீதியும் பின்வளவில் வந்து நிற்பார்கள். மகள் தட்டோடு நிற்பாள். நான் அந்த வாய்க்கு முன்னால் நின்று என்ன செய்வேன்? என்னால் ஏலாது லோஜி. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இராகுலன்

திருகோணமலை
13.10.2024

உங்களுக்கு,

வாசித்தவுடன் முதலில் சிரித்தேன். உண்மையாகச் சிரித்தேன், மகள் வந்து என்னவென்று கேட்கிற அளவுக்கு. ஒரு பெண்ணுக்குத் தயாராக இருந்தேன். அவளுக்குச் சொல்ல வசனம்கூட மனதில் வைத்திருந்தேன். வந்தது கோப்பை.

அழுகை பிறகு வந்தது. கோப்பை கழுவுகிறது வெட்கமா? நான் ஹோட்டல் குப்பைக்குள் கைவிட்டேனே, அது என்ன? வீடியோவில் ஏன் வரவில்லை என்று இப்போது விளங்குகிறது. லீவு நாட்கள் போக, ஒன்பது வருடம் உங்கள் முகத்தை எனக்கு இல்லாமல் செய்தது ஒரு வெள்ளைக் கோட்டு. மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்னும் இல்லை. நேரில் வாருங்கள், உங்களைக் கதிரையில் இருத்தி வைத்து நன்றாக ஏச வேண்டும். அந்த உரிமையாவது எனக்கு இருக்கிறது.

வர ஏலாது என்பதற்கு நீங்கள் சொன்ன காரணத்தை நான் முடித்துவிட்டேன். கேளுங்கள். ஒன்பது வருடம் நெருப்புக்கு முன்னால் நின்றதில் உங்களுக்குச் சூடு ஒத்துவரவில்லை, இனிப் போறணைப் பக்கம் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என அப்பாவிடம் சொன்னேன். நம்பிவிட்டார். "பாவம் தம்பி, எவ்வளவு பாடுபட்டிருக்கிறான்" என்று கண் கலங்கினார். இனி யாரும் உங்களை ஒரு பீட்சா சுடு என்று கேட்க மாட்டார்கள். மாவை நான் குழைப்பேன், றிஷானா கிழமையில் இரண்டு நாள் வந்து சொல்லித் தருகிறாள். நீங்கள் விறகு கொத்துங்கள், மேசை துடையுங்கள், வருகிற வெள்ளைக்காரருடன் கதையுங்கள். கோப்பை கழுவவும் ஆள் வேண்டும்தானே.

கோபிக்க வேண்டாம், பகிடிக்கு எழுதினேன். வாருங்கள்.

லோஜினி

திருகோணமலை
15.12.2024

அன்பின் உங்களுக்கு,

ஒக்டோபரில் எழுதியதற்குப் பதில் இல்லை. நவம்பரில் எழுதியதற்கும் இல்லை. போன் அடித்து அடித்து நிற்கிறது. தர்சனின் இலக்கம் தேடிப் பிடித்துக் கேட்டேன். "அண்ணை வேலைக்குப் போறார் அக்கா, வாறார், படுக்கிறார். உங்கட கடிதமெல்லாம் தலைமாட்டில கிடக்கு" என்றார். நீங்கள் அவற்றை உடைத்து வாசித்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். கோப்பை கழுவுகிறதைப் பற்றி எழுதிய அந்தப் பகிடிதான் பிழையாகிப் போனதா என்று யோசித்து யோசித்து எனக்கு மூளை களைத்துவிட்டது. அது பிழை என்றால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை. போறணைக்கு மேலே தகரம் போட்டிருக்கிறேன். வெயில் விட்ட நாட்களில் பாணும் பணிஸும் சுடுகிறேன், அடுத்த வீடுகளுக்குப் போகிறது.

இதை எழுத வந்த காரணம் வேறு. டொக்டர் சொன்னார் என்று நான் அப்பாவிடம் சொன்ன கதை, அப்பாவின் வாயால் வீதிக்குப் போய், வீதியால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. போகப் போக வளர்ந்துவிட்டது. போன மாதம் ஒரு பிள்ளை மகளிடம் கேட்டிருக்கிறாள், "உன்ர அப்பாக்கு ஹார்ட்டாமே, தப்ப மாட்டாராமே?" இவள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டை ஒதுக்கினாள். வயிற்றுக் குத்து என்றாள். நேற்று பத்திரகாளி அம்மன் கோவிலில் ஐயர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "பிள்ளை ஒவ்வொரு வெள்ளியும் தகப்பனுக்கு அர்ச்சனைக்கு வாறா. வயசுக்கு மிஞ்சின விரதம் அம்மா, பாத்துக்கொள்ளுங்கோ." ஐந்து வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டுத் தனியாகப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவளை மடியில் இருத்தினேன். "அப்பாக்கு ஒண்டுமில்லை, ஆக்கள் விசர்க் கதை கதைக்கினம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல ஏலவில்லை. உங்களுக்கு நோய் வருத்தம் ஏதும் இல்லை என்று தெரிந்தால் அவள் கேட்கிற அடுத்த கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். பிறகு அப்பா ஏன் வரவில்லை?

அதற்கு நான் என்ன சொல்ல? எழுதுங்கள். நீங்கள் எழுதியதையே அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். வருகிற வெள்ளிக்கும் அவள் பட்டினிதான்.

லோஜினி